பச்சோந்திக்குப் பந்தி வைப்பது எப்படி?

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துபவர்களுக்கு ஒரு வேலை நன்றாகத் தெரியும். வளர்ப்புக் கொட்டகையில் இருந்த கோழிகளை முட்டையிடும் கூண்டுகளுக்கு மாற்றியதும், தண்ணீர்க் குழாயின் நிப்பிள்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டே போவார்கள். நுனியில் ஒரு சொட்டு நீர் தொங்கும். அது பளபளப்பதைப் பார்த்து ஒரு கோழி கொத்தும், வாயில் நீர் விழும். அடுத்த கூண்டுக் கோழி அதைப் பார்த்துத் தானும் கொத்தும். தொட்டியில் தண்ணீர் குடித்துப் பழகிய பறவைகள் இப்படித்தான் நிப்பிளுக்கு மாறுகின்றன.

கோழி கூட்டமாக வாழும் பறவை. கண்ணில் பட்டதையெல்லாம் கொத்திப் பார்க்கும். ஒன்று செய்வதைப் பார்த்து இன்னொன்று செய்யும். ஆகவே அதற்குப் புதிய தீவனத்தையோ புதிய தீவன முறையையோ பழக்குவது எளிது. தனியாக வாழ்ந்து, அசைவதை மட்டும் குறிபார்த்து, தொலைவில் நின்றே நாக்கை வீசும் ஒரு பிராணிக்குச் சாப்பாட்டு முறையை மாற்ற வேண்டுமானால் என்ன செய்வது? பச்சோந்தி வளர்ப்பவர்கள் உலகெங்கும் சந்திக்கும் கேள்வி இது. விடை அந்தப் பிராணியின் கண்ணிலும் நாக்கிலும் உடல் வெப்பத்திலும் இருக்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் வேலிகளில் வாழும் நம்முடைய பச்சோந்தியைக் காப்பதற்கும் அந்த விடையை நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம்

உலகில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்பவை. இந்தியாவில் இருப்பது ஒரே இனம்தான். கமேலியோ ஸெய்லானிகஸ் என்ற பெயரில் 1768-இல் லாரென்டி அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட சமவெளிகளில் அது காணப்படுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம்.

வெளிநாடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படுபவை பெரும்பாலும் வேறு இனங்கள். ஏமன், சவுதி அரேபியப் பகுதியைச் சேர்ந்த ஏமன் பச்சோந்தியும் மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியும் அவற்றில் முக்கியமானவை. இவையும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. வனவிலங்குச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தமும் 2024-இல் வந்த விதிகளும் இத்தகைய அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்கின்றன. பச்சோந்தியின் சாப்பாடு பற்றிய ஆய்வுகளும் வளர்ப்பு அனுபவமும் பெரும்பாலும் இந்த இனங்களிலிருந்தே கிடைத்தவை. ஆனால் உடலமைப்பில் நம் வேலிப் பச்சோந்தியும் அவற்றின் நெருங்கிய உறவுதான்.

கண் சொன்னால்தான் உணவு

பச்சோந்தியின் கண் ஒரு கூம்பு. இமைகள் ஒன்றாக ஒட்டி, நடுவில் சிறு துளை மட்டும் விட்டிருக்கும். இரு கண்களும் வெவ்வேறு திசையில் திரும்பும். ஒன்று மேலே பருந்து வருகிறதா என்று பார்க்கும்போது மற்றொன்று கீழே இலையை நோட்டமிடும். இரையைக் கண்டதும் தலை அந்தப் பக்கம் திரும்பும், இரு கண்களும் முன்னால் வந்து அதன்மேல் நிலைக்கும்.

இரு கண்களால் பார்த்துத்தான் அது தூரத்தை அளக்கிறது என்று நாம் நினைக்கலாம். லின்ட்சே ஹார்க்னஸ் 1977-இல் பச்சோந்திகளின் கண்முன் கண்ணாடி வில்லைகளைப் பொருத்திச் சோதித்தார். வில்லைக்கு ஏற்றபடி அவை தூரத்தைத் தவறாகக் கணித்து நாக்கை வீசின. ஒரு கண்ணை மறைத்தபோதோ தூரக்கணிப்பில் பெரிய பிழை வரவில்லை. கண்வில்லையைக் குவிப்பதற்கு எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது என்பதை வைத்தே பச்சோந்தி தூரத்தை அறிகிறது என்பது இதிலிருந்து விளங்கியது. 1995-இல் மத்தியாஸ் ஓட், ஃபிராங்க் ஷேஃபெல் இருவரும் இன்னொரு வியப்பைக் கண்டறிந்தார்கள். ஒளியைக் குவிப்பது மற்ற முதுகெலும்பிகளின் கண்வில்லை. பச்சோந்தியின் கண்வில்லை ஒளியை விரிக்கிறது. இதனால் விழித்திரையில் விழும் பிம்பம் பெரிதாகி, தொலைநோக்கி தரும் விவரத்தோடு பூச்சி தெரிகிறது.

இவ்வளவு நுட்பமான கண்ணும் அசைவைத்தான் முதலில் தேடுகிறது. இஸ்ரேலின் ஹைஃபாவில் செய்த ஆய்வு ஒன்றில், கணினித் திரையில் நகரும் போலிப் பூச்சிகளைக் காட்டியபோது பச்சோந்திகள் அவற்றைக் கண்களால் பின்தொடர்ந்து திரையின்மீதே நாக்கை வீசின. அங்கே வாசனை கிடையாது, சுவை கிடையாது. உருவமும் நகர்வும் மட்டுமே இருந்தன. ஒரு கிண்ணத்தில் செத்த பூச்சியைக் கொட்டி வைத்துவிட்டு, பசித்தால் சாப்பிடும் என்று காத்திருப்பவர் ஏமாறுவது இதனால்தான். அசையாத பூச்சி பச்சோந்தியின் கண்ணில் உணவாகப் பதிவதே அரிது.

தண்ணீரும் அப்படியே. தட்டில் தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்வதில்லை. இலை நுனியில் உருண்டு பளபளக்கும் சொட்டைத்தான் நக்கிக் குடிக்கின்றன. நாமக்கல் கோழி நிப்பிளைக் கண்டுபிடிப்பதும் அதே பளபளப்பை வைத்துத்தான்.

நாக்கு என்னும் வில்

பச்சோந்தியின் நாக்கு, வால் நீங்கலான உடல் நீளத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரம் வரை பாயும். வெறும் தசைச் சுருக்கத்தால் அந்த வேகம் வராது. நாக்கின் நடுவே முன்னோக்கி நீளும் கூர்மையான எலும்புக்குச்சி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கொலாஜன் என்னும் நாரால் ஆன உறைகள். அவற்றின் மேலே வளையமாக ஒரு தசை. தசை சுருங்கும்போது உறைகள் நீண்டு இறுகி, நாணேற்றிய வில்லைப்போல் ஆற்றலைச் சேமிக்கின்றன. குச்சியின் நுனியைத் தாண்டியதும் அவை ஒரே கணத்தில் விடுபட, நாக்கு அம்பாகப் பாய்கிறது. யுரியான் டி க்ரோட், யோஹான் வான் லேவன் இருவரும் 2004-இல் இந்த அமைப்பை விளக்கினார்கள். உருவில் சிறிய இனங்களில் முடுக்கம் இன்னும் அதிகம். தன்சானியாவின் சிறிய பச்சோந்தி ஒன்றில் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 264 மடங்கு முடுக்கத்தை கிறிஸ்டோபர் ஆண்டர்சன் அளந்து 2016-இல் வெளியிட்டார்.

நாக்கின் நுனி பூச்சியைப் பிடித்துக்கொள்வதற்கு அதன் எச்சில் உதவுகிறது. பெல்ஜியத்தின் மோன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் அளந்தபோது அதன் பிசுபிசுப்பு மனித எச்சிலைப்போல் சுமார் 400 மடங்கு இருந்தது. தன் எடையில் 30 சதவீதம் வரை கனமுள்ள இரையையும் பச்சோந்தியால் இப்படி இழுத்துவர முடிகிறது.

சாப்பாட்டு முறையைத் தீர்மானிக்கும் இன்னொரு கண்டுபிடிப்பு வெப்பம் பற்றியது. ஆண்டர்சனும் ஸ்டீஃபன் டெபனும் 2010-இல் ஏமன் பச்சோந்திகளை 15 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பநிலைகளில் சோதித்தார்கள். உடல் வெப்பம் 10 டிகிரி குறைந்தபோது நாக்கு பாயும் திறன் 10 முதல் 19 சதவீதமே குறைந்தது. நாக்கை உள்ளே இழுக்கும் திறனோ 42 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பாய்வதற்கு வில் போதும், இழுப்பதற்குத் தசை வேண்டும். தசை குளிரில் மந்தமாகும், செரிமானமும் அப்படியே. விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பச்சோந்திக்கு முன்னால் பூச்சியை நீட்டுவதில் பயனில்லை.

புதிய முறை எதற்கு?

வளர்ப்பவர்கள் முதலில் கையாளும் முறை எளியது. சுவர்க்கோழிப் பூச்சிகளையோ வெட்டுக்கிளிகளையோ கூண்டுக்குள் விட்டுவிடுவார்கள். பச்சோந்தி தானே தேடி வேட்டையாடும். அதற்கு நல்ல உடற்பயிற்சிதான். ஆனால் பூச்சிகள் கூண்டின் மூலைகளில் ஒளிந்துகொள்ளும். எத்தனை தின்றது என்று தெரியாது. மிஞ்சிய சுவர்க்கோழிகள் இரவில் உறங்கும் பச்சோந்தியைக் கடிப்பதும் உண்டு.

சத்துக் குறைபாடு இன்னொரு சிக்கல். சுவர்க்கோழியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதனால் கொடுப்பதற்குமுன் பூச்சிமேல் கால்சியம் தூளைத் தூவ வேண்டும். கூண்டுக்குள் ஓடித்திரியும் பூச்சி அந்தத் தூளைச் சிறிது நேரத்தில் உதிர்த்துவிடும். கால்சியம் போதாமல் போனால் எலும்பு வளையும், தாடை மென்மையாகும், நாக்கு வீச்சே குன்றும். சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி3 தேவை, அதற்குப் புற ஊதா பி கதிர் வேண்டும். கேரி ஃபெர்கசன் உள்ளிட்டோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பாந்தர் பச்சோந்திகள் தாமாகவே புற ஊதா ஒளியில் அதிக நேரம் இருந்தது தெரியவந்தது. வெயிலைத் தன் தேவைக்கு அளந்து எடுத்துக்கொள்ளும் உயிர் இது.

இந்தக் காரணங்களால்தான் கிண்ணத்தில் வைத்து ஊட்டுவது, இடுக்கியால் நீட்டுவது, கையில் வைத்துக் கொடுப்பது ஆகிய முறைகளுக்கு மாற்ற முயல்கிறார்கள்.

மாற்றும் வழி

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புதுக் கிண்ணம், புதுப் பூச்சி, புது இடம் மூன்றும் ஒன்றாக வந்தால் பச்சோந்தி எதையும் தொடாது. ஏற்கெனவே விரும்பித் தின்னும் பூச்சியையே புதுக் கிண்ணத்தில் போடுவதுதான் தொடக்கம்.

கிண்ணத்தைத் தரையில் வைக்கக் கூடாது. பச்சோந்தி கிளையில் வாழ்வது. அது வழக்கமாக வெயில் காயும் கிளைக்கு அருகில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நாக்குக்கு எட்டும் தூரத்தில் கிண்ணத்தைத் தொங்கவிட வேண்டும். எதிரே அது கால்களாலும் வாலாலும் உறுதியாகப் பற்றி நிற்க ஒரு கிளை இருக்க வேண்டும். பிடிமானம் இல்லாமல் அது குறிபார்க்காது.

கிண்ணத்தின் வெளிச்சுவர் ஊடே பார்க்க முடியாததாக இருப்பது நல்லது. கண்ணாடியாக இருந்தால் உள்ளே நகரும் பூச்சியைப் பார்த்துச் சுவரின்மீதே நாக்கை வீசும். நாக்கு வலிக்கும், அடுத்த முறை தயங்கும். உட்புறத்தில் ஒரு சிறு வலைத்துண்டைப் பொருத்தினால் பூச்சிகள் அதன்மேல் ஏறும், விளிம்புக்கு மேலே அசைவு தெரியும். அந்த அசைவுதான் அழைப்பு.

நேரம் காலை. வெயிலோ விளக்கோ பட்டு உடல் சூடேறிய பிறகு வைக்க வேண்டும். வைத்தவர் விலகிப் போய்விட வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் தோற்கிறார்கள். பெரிய உருவம் ஒன்று நேராக முறைத்துப் பார்த்தால் பச்சோந்திக்கு அது வேட்டை விலங்கு. உடலைத் தட்டையாக்கிக்கொண்டு கிளையின் மறுபக்கம் நகர்ந்துவிடும். நிறம் கறுத்தல், வாயைப் பிளந்து சீறுதல், உடலைப் பக்கவாட்டில் விரித்துக் காட்டுதல் எல்லாம் 'போதும், போ' என்பதற்கான அடையாளங்கள். அவற்றைக் கண்டதும் அன்றைய முயற்சியை நிறுத்திவிட வேண்டும்.

கிண்ணத்தில் சாப்பிடத் தொடங்கும் வரை கூண்டுக்குள் விடும் பூச்சிகளை முற்றிலும் நிறுத்தக் கூடாது. கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளும் அளவு கூடக் கூட மற்றதைப் படிப்படியாகக் குறைக்கலாம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரிய பச்சோந்தி சில நாட்கள் சாப்பிடாமல் இருந்தாலும் தாங்கும். குஞ்சுகள் தாங்காது. பட்டினி போட்டுப் பணியவைப்பது எந்த வயதிலும் தவறு, குஞ்சுகளிடம் அது கொலைக்குச் சமம்.

இடுக்கிக்கு மாற்றும்போது பூச்சியின் கால்கள் அசையும்படி பின்பக்கத்தை மட்டும் மென்மையாகப் பிடிக்க வேண்டும். நாக்கு ஒட்டிய கணத்திலேயே விட்டுவிட வேண்டும். பிடித்து இழுத்தால் நாக்கின் தசை பாதிக்கப்படும். இடுக்கியில் பழகிய பிறகு கையை மெல்ல மெல்ல நெருக்கமாகக் கொண்டுவரலாம். சில பச்சோந்திகள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும், சில வாழ்நாள் முழுதும் வாங்காது. இயல்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. வளர்ந்த விதமும் அதில் பங்கு வகிக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் சிசி பாலனும் உடன் ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், குஞ்சிலிருந்தே தனியாக வளர்த்த ஏமன் பச்சோந்திகள் கூட்டாக வளர்ந்தவற்றைவிட அடங்கியும் மங்கிய நிறத்துடனும் இருந்தன. இரை பிடிப்பதிலும் பின்தங்கின.

சாப்பிட மறுப்பது எப்போதும் பிடிவாதம் ஆகாது. முட்டையிடும் நாள் நெருங்கிய பெண் பச்சோந்தி உணவை விடும். இனப்பெருக்கப் பருவத்து ஆணுக்கும் பசி குறையும். கண் உள்வாங்கினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. பகலில் கண்மூடிக் கிடந்தால் நோய். குறி தவறிக்கொண்டே இருந்தால் கண்ணிலோ நாக்கிலோ எலும்பிலோ கோளாறு. இந்த அடையாளங்கள் தெரிந்தால் முறையை மாற்றும் முயற்சியை விட்டுவிட்டு ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

நம் வேலியில் இருப்பது

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வழியாகப் பரமத்தி வேலூர் வரை போகும் சமவெளியில் மானாவாரிக் கடலைக் காடும், சோளக்காடும், மரவள்ளித் தோட்டமும் இன்றும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஒரு காலத்தில் கிளுவை வேலிதான் இருந்தது. வேம்பு, வேல், புளி, எருக்கு எல்லாம் அதோடு கலந்து நிற்கும். வெட்டுக்கிளியும் பட்டாம்பூச்சியும் ஈயும் அங்கே நிறைந்திருக்கும். பச்சோந்திக்குத் தேவையான எல்லாம் அந்த வேலியில் ஒரே இடத்தில் அமைந்திருந்தன: பற்றிக்கொள்ள மெல்லிய கிளை, வெயில் காய உச்சி, மறைந்துகொள்ள இலை, விடியலில் நக்கிக்கொள்ளப் பனிச்சொட்டு, நாக்குக்கு எட்டும் தூரத்தில் அசையும் பூச்சி. முட்டையிட வேண்டிய பெண் மரத்திலிருந்து இறங்கி வேலியடி மண்ணில் குழி பறித்துக்கொள்ளும்.

இப்போது பல இடங்களில் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். மருந்து தெளித்த வயலில் பூச்சி குறைகிறது, இருக்கிற பூச்சியிலும் நஞ்சு ஏறுகிறது. முன்னும் பின்னும் ஆடி ஆடி ஒவ்வொரு அடியாக எடுத்துவைக்கும் இந்த உயிர், வாகனங்கள் விரையும் நான்குவழிச் சாலையைக் கடந்து உயிர் பிழைப்பது கடினம். இதோடு அச்சமும் சேர்கிறது. பச்சோந்திக்கு விஷம் உண்டு என்று நம்பி அடித்துக் கொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு விஷம் கிடையாது. நிறம் மாறுவதும் எவரையும் ஏமாற்றுவதற்காக வந்த குணம் என்று சொல்வதற்கில்லை. ஜெனீவா பல்கலைக்கழகத்தின் மிஷெல் மிலின்கோவிச் குழு 2015-இல் காட்டியபடி, தோலின் உயிரணுக்களில் உள்ள குவானின் படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது. தன் இனத்தோடு பேசவும் உடல் வெப்பத்தைச் சீராக்கவும் பச்சோந்தி அதைப் பயன்படுத்துகிறது.

வேலி வெட்டும்போது பச்சோந்தி ஒன்று கிடைத்தால் குழந்தைகள் அட்டைப்பெட்டியில் போட்டுப் பூச்சியும் தட்டில் நீரும் வைப்பார்கள். அன்புதான் காரணம். ஆனால் மேலே சொன்னதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் அதற்கு எதிராக நிற்கும். ஏறிப் பற்றிக்கொள்ளக் கிளையில்லை, வெயிலில்லை, பூச்சி மூலையில் ஒடுங்கிவிடும், நீர் தேங்கி நிற்கும், மேலிருந்து பத்து முகங்கள் பார்க்கும். அது சாப்பிடாது, சில நாளில் சாகும்.

ஆகவே தோட்டம் வைத்திருப்பவர்களிடமும், பள்ளிப் பிள்ளைகளிடமும், ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்வது இதுதான். பச்சோந்தியைப் பார்த்தால் பிடிக்க வேண்டாம், உணவு கொடுக்கவும் வேண்டாம். சாலையில் நின்றால் ஒரு குச்சியை நீட்டி ஏறவைத்து, அது போக நினைத்த பக்கத்து மரத்தில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேலியை மாற்றும் கட்டாயம் வந்தாலும் ஒரு பக்கக் கிளுவையையாவது, அதில் படரும் கொடியோடும் பூச்சியோடும் விட்டுவையுங்கள். பச்சோந்திக்கு நாம் வைக்கக்கூடிய பந்தி அது ஒன்றுதான்.